தோற்ற அணியில் ஒரு தமிழர்: எம்.ஜே. கோபாலன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

வென்றவர்களின் வரலாற்றை எழுதுவது எளிது. கோப்பையும் பதக்கமும் அவர்களுக்காகப் பேசிவிடும். தோற்ற அணியில் இருந்தவர்களுடைய வரலாற்றையோ நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அதிலும் தோற்ற அணியோடு கடல் கடந்து சென்று, முக்கிய ஆட்டம் ஒன்றில்கூட இறக்கப்படாமல் திரும்பிய ஒருவரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அத்தகைய ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய பெருமைக்குரிய தமிழர் எம்.ஜே. கோபாலன் அவர். நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்டவர். எனினும் அவருடைய வாழ்வு நம்மைப் போன்ற மாணவர்களுக்கு மிக நெருக்கமானது என்பது என் எண்ணம்.

பிறப்பும் இளமையும்

கோபாலன் பிறந்த ஊர் செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் எம் என்ற எழுத்து அந்த ஊரைத்தான் குறிக்கிறது. அந்நாளில் நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அதே மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே அவரை நம் மாவட்டத்துக்காரர் என்றே உரிமை கொண்டாடலாம். பதிவேடுகளின்படி அவர் பிறந்த நாள் 1909 ஜூன் 6. 1906 என்று சொல்வோரும் உண்டு.

எளிய குடும்பம். வளர்ந்தது திருவல்லிக்கேணியில். கோயிலும் குளமும் கடற்காற்றும் நிறைந்த அந்தத் தெருக்களிலிருந்து சேப்பாக்கம் மைதானம் நடை தூரம்தான். ஆனால் அக்காலத்தில் மைதானத்தை எட்டுவதற்கு நடை மட்டும் போதாது. சேப்பாக்கம் அன்று வெள்ளையர் சங்கத்தின் இடம். ஆண்டுதோறும் பொங்கல் சமயத்தில் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் அங்கே மோதுவார்கள். சென்னை நகரமே திரண்டு வந்து பார்க்கும்.

கோபாலனின் வேகப் பந்து வீச்சைக் கண்டறிந்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்தவர்களுள் முக்கியமானவர். பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த அவர், கோபாலனுக்கு அங்கேயே வேலை தேடிக் கொடுத்தார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பிலும் அவருக்கு இடம் கிடைத்தது. மாதச் சம்பளம் ஒன்று நிலையாக வந்தால்தான் மைதானத்தில் கால் ஊன்ற முடியும் என்ற உண்மையை, தொழிற்பேட்டைச் சங்கொலி கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏறுமுகம்

1926-27இலேயே முதல்தர ஆட்டத்தில் இறங்கிய கோபாலன், 1934 ஜனவரியில் இந்திய அணிக்குத் தேர்வானார். எதிரணி டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து. இடம் கல்கத்தா ஈடன் தோட்டம். இந்தியத் தலைவர் சி.கே. நாயுடு. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கோபாலனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு விக்கெட்.

அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. இன்று நாடெங்கும் நடைபெறும் அப்போட்டியின் முதற்பந்தை வீசியவர் நம் கோபாலன்! ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, மைசூர் 48, 59 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை எடுத்த 130 ஓட்டங்களே போதுமானதாகி, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு அவர் கையில் ஹாக்கி மட்டை. 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் அவரும் ஒருவர். இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடியவற்றையும் சேர்த்து அந்தப் பயணத்தில் மொத்தம் 48 ஆட்டங்கள். நாற்பத்தெட்டிலும் இந்தியாவுக்கே வெற்றி. அடித்த கோல்களோ ஐந்நூறுக்கு மேல். அப்படி ஓர் அணியில் ஆடிவிட்டு வந்தவருக்கு, மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் இடம் ஏறத்தாழ உறுதி என்றே எல்லோரும் கருதினர்.

இரு பாதைகள்

1936 பிறந்தது. ஒருபுறம் பெர்லின் செல்லும் ஹாக்கி அணிக்கான தேர்வு. மறுபுறம் இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியில் இடம். இரண்டும் அதே கோடைக் காலத்தில். ஒருவர் இரண்டு கப்பல்களில் ஏற முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தக் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக வந்தவர் விஜயநகரம் மகாராஜகுமார். விஸ்ஸி என்று அழைக்கப்பட்டவர். கிரிக்கெட்டுக்காகப் பணத்தை வாரி இறைத்தவர். ஆட்டத் திறமையில் அந்தத் தகுதி இல்லாதவர். மூன்று டெஸ்டுகளில் ஆறு முறை மட்டை பிடித்து அவர் எடுத்தவை மொத்தம் 33 ஓட்டங்கள். சி.கே. நாயுடு போன்ற மூத்தவர் அவருக்குக் கீழே ஆட வேண்டியதாயிற்று. அணி இரண்டாகப் பிளவுபட்டது. முதல் டெஸ்டுக்குச் சற்று முன்பு, அப்போது மிக நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத் ஒழுங்கு மீறினார் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்.

லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்டை நினைத்தால் இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை. அமர் சிங் ஆறு விக்கெட்டுகளை வீழ்த்த, இங்கிலாந்து 134 ஓட்டங்களில் முடங்கியது. இந்தியா 147 எடுத்து 13 ஓட்டங்கள் முன்னிலை பெற்றது. ஆனால் இரண்டாம் முறை 93க்கு ஆட்டமிழந்து, ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அமர்நாத் இருந்திருந்தால் என்று எண்ணாதவர் யார்?

மான்செஸ்டரில் மட்டும் சற்று ஒளி தெரிந்தது. விஜய் மெர்ச்சன்ட் 114, முஷ்டாக் அலி 112. தொடக்க இணை 203 ஓட்டங்கள் சேர்த்துத் தோல்வியைத் தவிர்த்தது. அதே ஆட்டத்தில் சென்னை வீரர் கோட்டா ராமசாமி, நாற்பது வயதில் முதல் டெஸ்ட் ஆடி, 40ம் 60ம் எடுத்தார். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர் அவர். ஆக, இரண்டு விளையாட்டுகளில் நாட்டுக்காக ஆடிய சென்னைக்காரர் இருவர் அந்த ஒரே அணியில் இருந்தனர். ஒருவருக்கு வாய்ப்பு வந்தது. மற்றவருக்கு வரவில்லை.

கோபாலன் மாவட்ட அணிகளோடு நடந்த சில ஆட்டங்களில் ஆடியதோடு சரி. மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. மூன்றாவது டெஸ்டில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒருவர், காலைச் சிற்றுண்டி வேளையில் நாயுடுவை அவமதித்துத் தலைவரை மகிழ்வித்ததால்தான் இடம் பெற்றார் என்று கிரிக்கெட் நூல்களில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. முழு உண்மை எதுவாயினும், அப்படி ஒரு பேச்சு எழக்கூடிய நிலையில் அந்த அணி இருந்தது என்பதே போதும்.

அப்பயணத்தில் இந்தியா ஆடிய முதல்தர ஆட்டங்கள் 28. வெற்றி 4, தோல்வி 12. டெஸ்ட் தொடரில் இரண்டு தோல்வி, ஒரு சமநிலை. ஆனால் பயணத்தின்போதே தலைவருக்கு சர் பட்டம் கிடைத்தது. ஊர் திரும்பிய பின் விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 1937 தொடக்கத்தில் தலைமையின் குறைகள் அம்பலமாயின. பறிபோன ஆட்டங்களை எந்தக் குழுவால் மீட்டுத் தர முடியும்?

ஆகஸ்ட் 15

1936 ஆகஸ்ட் 15ஆம் நாளை என்னால் மறக்க முடியவில்லை. அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. ஹாமண்டும் வொர்திங்டனும் இந்தியப் பந்து வீச்சை நாள் முழுவதும் சிதறடித்துக்கொண்டிருந்தனர். ஹாமண்ட் 217, வொர்திங்டன் 128. அதே நாளில் பெர்லினில், மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஹாக்கி இறுதி ஆட்டத்தில், இந்தியா ஜெர்மனியை 8-1 என்ற கணக்கில் வீழ்த்தித் தங்கம் வென்றது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா அடித்தவை 38 கோல்கள். வாங்கியது ஒன்றே ஒன்று.

இந்த இரண்டு அணிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிரிக்கெட் அணியை நடத்தியவர் அரச குடும்பத்துச் செல்வர். ஹாக்கி அணியை நடத்தியவர் இராணுவத்தில் சிறு பதவியில் இருந்த ஓர் எளிய வீரர். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே நாள். ஓரிடத்தில் பிறப்பு தலைமை தாங்கியது. மற்றோரிடத்தில் திறமை தலைமை தாங்கியது. விளைவு உலகறிந்தது.

தவறான முடிவா?

கோபாலன் எடுத்தது தவறான முடிவு என்பதே தியான் சந்தின் கருத்து. ஹாக்கியில் நிலைத்திருந்தால் பெரும் புகழ் பெற்றிருப்பார் என்று அவர் வருந்தினார். அந்த மாமேதையை மறுக்க எனக்கு என்ன தகுதி? ஆயினும் நிகழ்தகவு பயிலும் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு முடிவு சரியா தவறா என்பதை, அது எடுக்கப்பட்ட நேரத்தில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். பின்னால் வந்த விளைவைக் கொண்டு மதிப்பிடுவது கணக்கு ஆகாது. பெட்டியிலிருந்து பந்தை எடுத்த பிறகு அதன் நிறத்தைச் சொல்ல யாராலும் முடியும்.

1936 தொடக்கத்தில் கோபாலனுக்குத் தெரிந்திருந்தது என்ன? ஹாக்கியில் 48 வெற்றிகளைக் கண்டாகிவிட்டது. கிரிக்கெட்டில் ஒரே ஒரு டெஸ்ட், ஒரே ஒரு விக்கெட். அரைகுறையாக நின்ற வேலையை முடிக்க நினைத்திருப்பார் என்றே நான் எண்ணுகிறேன். அணி பிளவுபடும் என்றோ, அமர்நாத் திருப்பி அனுப்பப்படுவார் என்றோ, தமக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்காது என்றோ அவருக்கு எப்படித் தெரியும்? குறை அவர் தேர்வில் இல்லை. நம்பி வந்தவரைப் பயன்படுத்தத் தெரியாதவர்களிடம் இருந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்தவர் மூலம் ஒரு வேலை தயாராக இருந்தது. இந்தக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. எது நல்லது என்று சொல்லித் தர, முன்னே போனவர் எவரும் வீட்டில் இல்லை. நம் வகுப்புகளில் பாதிப் பேர் கதை இதுதான். அதனால்தான் கோபாலனின் முடிவை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1936க்குப் பின் இந்தியா மீண்டும் டெஸ்ட் ஆட 1946 ஆயிற்று. 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடக்கவே இல்லை. இரண்டு கதவுகளும் அடைபட்டன. அவருடைய டெஸ்ட் கணக்கு அந்தக் கல்கத்தா ஆட்டத்தோடு நின்றுவிட்டது.

மனம் கசந்து வீட்டோடு இருந்துவிடவில்லை கோபாலன். 1951-52 வரை, நாற்பது வயதைத் தாண்டியும், முதல்தரக் கிரிக்கெட் ஆடினார். பின்னர் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார். ஒருகாலத்தில் தேர்வுக்காகக் காத்திருந்தவர், பிறரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் அமர்ந்தார்.

1952-53இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே அவர் பெயரில் கோபாலன் கோப்பை தொடங்கப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே கிடைத்த பெருமை. 1970களின் நடுப்பகுதி வரை சென்னையிலும் கொழும்பிலும் அந்த ஆட்டங்கள் நடந்துவந்தன. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல்தான். அதுவரை அந்நாட்டு இளைஞர்களுக்குக் கிடைத்த மிகச் சில முதல்தர ஆட்டங்களுள் இவையும் அடங்கும். தமக்கு இரண்டாவது வாய்ப்புக் கிட்டாத ஒருவரின் பெயரால், ஒரு நாட்டுக்கே ஆண்டுதோறும் வாய்ப்புக் கிட்டியது.

2003 டிசம்பர் 21ஆம் நாள் கோபாலன் சென்னையில் மறைந்தார். தம் இறுதி வாரங்களில், உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களிலேயே மூத்தவர் என்ற சிறப்பும் அவருக்கு இருந்தது. மூன்று டெஸ்டுகளுக்கும் அவரை ஒதுக்கிவைத்த தலைவர் 1965இலேயே மறைந்துவிட்டார்.

முடிவுரை

அன்பு மாணவ நண்பர்களே! ஆட்டத்தில் ஓர் அணி தோற்றால் அதிலிருந்த அனைவரும் தோற்றவர்கள் என்று எழுதிவிடுகிறோம். அந்தப் பட்டியலில் தகுதியற்ற தலைவரும் இருப்பார். வாய்ப்புக்காகக் காத்திருந்த உழைப்பாளியும் இருப்பார். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது நியாயமாகாது. நம் கல்லூரி விளையாட்டு அறையின் மூலையில் சில ஹாக்கி மட்டைகள் தூசு படிந்து கிடக்கின்றன. மாலையில் எல்லோரும் கிரிக்கெட் மட்டையைத்தான் தேடுகிறோம். அடுத்த முறை அந்த அறைக்குள் செல்லும்போது, இரண்டையும் ஏந்தி நாட்டுக்காக ஆடிய நம் மாவட்டத்து மனிதர் ஒருவர் இருந்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முடிந்தால் அந்த ஹாக்கி மட்டை ஒன்றையும் தூசு தட்டி எடுத்து வாருங்கள்.