தேர்ந்து தெளிந்த பெரியார்: லொயோலா இஞ்ஞாசியார்

தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களிலும், திருச்சி, மதுரை வட்டாரங்களிலும் இன்னாசி, இன்னாசிமுத்து, இன்னாசியம்மாள் என்னும் பெயர்கள் வழங்கி வருவதை நாம் அறிவோம். அப்பெயருக்கு மூலமாய் நின்றவர் இஸ்பானிய நாட்டுப் போர்வீரராய் இருந்து துறவியான இஞ்ஞாசியார் என்பதைச் சிலரே அறிவர். அவர் எதனால் சிறந்தார் என்பதை அறிந்தோர் அவரினும் சிலராவர். அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கள் முன் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நன்மை இது, தீமை இது என்று பிரித்தறிதல் பெரும்பாலோர்க்கு அரிய செயலன்று. திருடலாமா, ஆகாதா என்று எண்ணி உறக்கம் இழப்பார் நம்மில் எவருமிலர். இரண்டு வழிகளும் நல்லனவாகத் தோன்றும்போதே மனம் தடுமாறுகிறது. பதவி உயர்வோடு வரும் மாற்றலை ஏற்பதா, பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு இருக்குமிடத்திலேயே இருப்பதா? முதிய தாயாரை இங்கே அழைத்துக்கொள்வதா, அவர் விரும்பும் ஊரிலேயே விடுவதா? பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. இத்தகைய நேரங்களில் உள்ளத்தில் எழும் தூண்டுதல்களுள் எது இறைவனிடமிருந்து வருவது, எது அன்று என ஆராய்ந்து காணும் முறையைக் கிறிஸ்தவ ஞானிகள் தேர்ந்து தெளிதல் என்பர். அதனைத் தம் வாழ்விலேயே கண்டறிந்து, எவரும் கைக்கொள்ளத்தக்க விதிகளாக வகுத்துத் தந்தவர் இஞ்ஞாசியார்.

அவர் 1491ஆம் ஆண்டில், இஸ்பானிய நாட்டின் வடபால் உள்ள பாஸ்கு நாட்டில், லொயோலா என்னும் கோட்டை வீட்டில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இனிகோ. இளமையில் அரசாங்கப் பொக்கிஷ அதிகாரி ஒருவரின் இல்லத்தில் வளர்ந்து, அரண்மனைப் பழக்கங்களையும் வாட்போரையும் பயின்றார். ஆடை அணியிலும், புகழிலும், வீரக் கதைகளிலும் பெருவிருப்பம் உடையவராயிருந்தார். அக்காலத்து அவரைக் கண்டோர், இவர் பின்னாளில் புனிதராவார் எனக் கனவிலும் கருதியிரார்.

1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், பம்பலோனா நகர்க் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியது. சரணடைவதே தக்கது என மற்றவர் கருதியபோதும், எதிர்த்து நிற்க வேண்டும் என வற்புறுத்தியவர் இனிகோவே. பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலக்காலை முறித்து, இடக்காலையும் புண்படுத்தியது. கட்டிலில் கிடத்தி அவரை லொயோலாவுக்குத் தூக்கிச் சென்றனர். எலும்பு சரியாகக் கூடாமையால் மீண்டும் முறித்துச் சேர்த்தனர். முழங்காலின் கீழே துருத்தி நின்ற எலும்பு, அழகிய காலணி அணியத் தடையாகும் என்று கருதி, அதனை அறுத்தெடுக்கும்படி அவரே வேண்டினார். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அவ்வேதனையை வாய் திறவாது பொறுத்தார். ஆயினும் ஒரு கால் குட்டையாகிவிட, வாழ்நாள் முழுதும் சற்றே நொண்டி நடந்தார்.

படுக்கையில் பொழுது போக்க வீரக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. அண்ணியார் கொடுத்தவை கிறிஸ்துநாதரின் வாழ்க்கை வரலாறும், புனிதர்களின் சரித்திரமும் ஆகிய இரண்டே. வேறு வழியின்றி அவற்றைப் படிக்கலானார். படிப்பு நின்ற வேளைகளில் அவர் மனம் இருவகைக் கற்பனைகளில் உலவியது. உயர்குலப் பெருமாட்டி ஒருத்தியின் பொருட்டுத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களை மூன்று நான்கு மணி நேரம் எண்ணி இன்புறுவார். பிறகு, பிரான்சிஸ், தோமினிக் முதலிய புனிதர் செய்தவற்றை நாமும் செய்தால் என்ன என எண்ணுவார். அவ்வெண்ணமும் இனித்தது.

எண்ணும் போது இரண்டும் இனித்தன. ஆனால் எண்ணி முடித்த பின் விளைந்த நிலை வேறுபட்டது. உலகப் புகழை எண்ணி முடித்ததும் மனம் வறண்டு சலிப்புற்றது. புனிதர் வழியை எண்ணி முடித்த பின்னரும் மகிழ்ச்சி நீங்காது நின்றது. இவ்வேறுபாட்டை ஒரு நாள் அவர் உணர்ந்து வியந்தார். அதுவே அவர் கற்ற முதற்பாடம். ஓர் எண்ணத்தைத் தொடக்கத்தில் தோன்றும் இனிமை கொண்டு மதிப்பிடலாகாது, அது விட்டுச் செல்லும் சுவடு கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது அன்று அவருக்கு விளங்கியது.

முதற்பாடம் கற்றவர் உடனே முழு ஞானியாகிவிடவில்லை. 1522இல் மொன்செராத் மலைத் திருத்தலத்தை நோக்கிக் கோவேறு கழுதை மீது சென்றபோது, முகமதியர் ஒருவர் வழித்துணையானார். தேவமாதாவைப் பற்றி அவர் கூறிய கருத்து இஞ்ஞாசியாருக்குப் பிடிக்கவில்லை. அவர் முன்னே சென்றுவிட்ட பின், துரத்திச் சென்று குத்துவதா, விட்டுவிடுவதா என இவருக்குத் தோன்றவில்லை. ஒரு கவர் வழியில் கடிவாளத்தைத் தளரவிட்டு, விலங்கு செல்லும் வழியே தம் முடிவு எனக் கொண்டார். நல்வினைப் பயனாகக் கழுதை வேறு வழியே திரும்பியது. பின்னாளில் உலகுக்கே தெளிவு கற்பித்தவர், அன்று முடிவைக் கழுதையிடம் விட்டார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அச்செய்தியைத் தம் வரலாற்றில் கூறிவைத்தவர் அவரே.

மொன்செராத்தில் பாவசங்கீர்த்தனம் செய்து, உயர்ந்த ஆடையை ஓர் ஏழைக்குக் கொடுத்து, வாளையும் குறுவாளையும் தேவமாதாவின் பீடத்தருகே விட்டு, இரவெல்லாம் விழித்திருந்தார். பின்னர் மன்ரேசா என்னும் சிற்றூரில் ஏறக்குறைய பதினொரு மாதம் தங்கினார். நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் முழந்தாளில் நின்று செபித்தார். தலைமயிரும் நகமும் வெட்டாது விட்டார். இரந்துண்டார்.

அங்கேதான் கடும் சோதனை வந்தது. அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் எண்ணி, சரியாகச் சொன்னோமோ, இல்லையோ என்னும் ஐயம் அவரை அரித்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்தது. இறைவன் உதவும் வரை உண்பதில்லை என ஒரு வாரம் பட்டினி கிடந்தார். ஆன்ம குரு கட்டளையிட்ட பின்னரே உண்டார். பாவத்துக்கு வருந்துதல் நன்றே. ஆனால் அவ்வருத்தம் தம்மை இறைவனிடம் சேர்க்காமல் நம்பிக்கை இழப்புக்கு இழுத்துச் செல்வதை ஆராய்ந்து, அது நல்லாவியின் செயலன்று எனத் தெளிந்தார். பழைய பாவங்களை இனி மீண்டும் அறிக்கையிடுவதில்லை என முடிவு செய்தார். ஐயம் அகன்றது.

மற்றொன்றும் நிகழ்ந்தது. உறங்கச் செல்லும் வேளையில் பேரின்பமான ஞான எண்ணங்கள் தோன்றி அவர் உறக்கத்தைக் கெடுத்தன. பகலெல்லாம் இறைவனுக்கே கொடுத்திருக்க, உறங்க வேண்டிய சிறு பொழுதையும் பறிக்கும் இவ்வின்பம் உண்மையில் நல்லதா என வினவினார். உறங்குவதே கடமை எனத் துணிந்து உறங்கினார். நகத்தையும் மயிரையும் வெட்டிக்கொண்டார். தீயது எப்போதும் தீய உருவிலேயே வருவதில்லை, பக்தியின் உருவிலும் வரும் என்பது அவர் கற்ற இரண்டாம் பாடம்.

1523இல் யெருசலேம் சென்று அங்கேயே வாழ்நாளைக் கழிக்க விரும்பினார். யாத்திரிகர்கள் சிறைபிடிக்கப்படும் இன்னல் மிகுந்திருந்தமையால், அங்கிருந்த பிரான்சிஸ்கு சபைத் தலைவர் அதற்கு இசையவில்லை. அதிகாரம் உடையவரின் சொல்லை இறைவனின் விருப்பமாக ஏற்றுத் திரும்பினார். பிறர்க்குப் பயன்பட வேண்டுமெனில் கல்வி வேண்டும் எனக் கண்டு, முப்பத்து மூன்றாம் வயதில் பார்சிலோனா நகரில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் பயின்றார். புத்தகத்தைத் திறந்தால் புதிய ஞான விளக்கங்கள் மனத்தில் பொங்கி, பாடம் ஏறாது தடுத்தன. செபம் செய்யும்போது வாராத இவை பாடவேளையில் மட்டும் வருவானேன் என ஆராய்ந்தார். தடையின் மூலம் விளங்கிற்று. ஆசிரியரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று உள்ளதைச் சொல்லி, அப்பமும் தண்ணீரும் கிடைக்கும் வரை இரண்டாண்டு வகுப்புக்குத் தவறுவதில்லை என வாக்களித்தார். அதன்பின் அத்தொல்லை இல்லை.

பிறகு அல்காலா, சலமாங்கா நகரங்களில் பயின்றபோது, அவர் போதனையை ஐயுற்றோர் அவரைச் சிறையில் இட்டனர். குற்றம் ஏதும் காணப்படவில்லை. 1528இல் பாரீசு சென்றார். அங்கே ஒரே அறையில் தங்கிய பேதுரு பாபரும் பிரான்சிஸ் சவேரியாரும் அவர் தோழராயினர். 1534 ஆகஸ்டு 15ஆம் நாள், மொன்மார்த்ர் குன்றில் எழுவர் கூடி இறைவனுக்கு வாக்களித்தனர்.

1539இல் உரோமை நகரில், தோழர்கள் பிரிந்து செல்வதா, ஒரு சபையாக இணைந்து தம்முள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதா என்னும் வினா எழுந்தது. அவர்கள் அதனை முடிவு செய்த விதம் நம் போன்ற சங்கத்தார் கருதத்தக்கது. பகலில் தத்தம் பணியைச் செய்தனர். ஒருவர் மற்றவரைத் தம் பக்கம் இழுக்காது தனித்தனியே செபித்து எண்ணினர். இது தமக்குரிய காரியமன்று, அயலார் ஒருவருக்கு ஆலோசனை கூறுகிறோம் எனக் கருதி ஆராய்ந்தனர். ஒரு நாள் எல்லோரும் எதிர்க் காரணங்களையே கூறினர். மறுநாள் எல்லோரும் ஆதரவான காரணங்களையே கூறினர். பல வாரங்கள் சென்றபின், அனைவரும் ஒருமனப்பட்டனர். சேசு சபையைப் பாப்பரசர் 1540 செப்டம்பர் 27இல் அங்கீகரித்தார். 1541இல் தோழர்கள் இஞ்ஞாசியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் மறுத்தார். மீண்டும் தேர்ந்தெடுத்தனர். தம் குற்றங்குறை அனைத்தையும் ஆன்ம குருவிடம் கூறி, அவர் ஏற்குமாறு பணித்த பின்னரே இசைந்தார்.

அவர் இயற்றிய ஞானப் பயிற்சி நூலுக்கு 1548இல் பாப்பரசரின் ஒப்புதல் கிடைத்தது. ஏறத்தாழ முப்பது நாள் தியானத்துக்குரிய அந்நூலில், தேர்ந்து தெளிதலுக்கான விதிகள் உள்ளன. அவற்றுட் சிலவற்றின் கருத்தை நம் சொற்களில் கூறுவோம். மனம் இருண்டு சோர்ந்திருக்கும் வேளையில், தெளிந்த வேளையில் செய்த முடிவை மாற்றலாகாது. தீய தூண்டுதல் மறைவை விரும்புவது. ஆகவே அதனைத் தக்க பெரியவரிடம் வெளியிட்டால் அதன் வலிமை குன்றும். ஓர் எண்ணத்தின் தொடக்கம், இடை, முடிவு மூன்றும் நல்லனவா என நோக்க வேண்டும். முடிவு விளங்காதபோது, மரணப் படுக்கையில் கிடந்தால் எதனைத் தேர்ந்திருக்க விரும்புவோமோ அதனையே இப்போது தேர்க. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, எது நேரினும் இறைவனின் விருப்பமே போதும் என்று மனத்தைத் தராசுமுள்போல் நடுவில் நிறுத்த வேண்டும்.

இவ்விதிகளை அவர் ஏட்டளவில் நிறுத்தவில்லை. 1544இல், சபைக் கோயில்களுக்கு நிலையான வருமானம் வேண்டுமா என்னும் ஒரே காரியத்தை நாற்பது நாள் செபத்தில் வைத்து ஆராய்ந்தார். 1555இல், தம்மோடு கருத்து வேறுபாடு உடையவராயிருந்த கராபா கர்தினால் பாப்பரசரானார் எனக் கேட்டபோது அவர் உடல் நடுங்கிற்று. எழுந்து கோயிலுக்குட் சென்று செபித்து, சற்று நேரத்தில் முகமலர்ந்து திரும்பினார். சபையே கலைந்து போனாலும், கால் மணி நேரச் செபத்தில் தாம் அமைதி பெற இயலும் என்பது அவர் நிலை.

இப்பெரியாருக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. போர்ச்சுகல் அரசர் கேட்டுக்கொண்டபடி இந்தியாவுக்கு அனுப்பக் குறித்திருந்த தோழர் நோயுற்றமையால், 1540இல் சவேரியாரை அனுப்பினார். 1542இல் கோவா வந்த சவேரியார், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிசெய்து, தமிழில் செபங்களைக் கற்பித்தார். நண்பர் இருவரும் மீண்டும் ஒருவரையொருவர் காணவில்லை. 1553இல் சவேரியாரைத் திரும்பி வருமாறு இஞ்ஞாசியார் கடிதம் எழுதினார். சவேரியாரோ முந்திய ஆண்டு டிசம்பரிலேயே சீனக் கரையோரத் தீவில் உயிர் நீத்திருந்தார். அதே சபையின் அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்ற செய்தியை 1548இல் இஞ்ஞாசியாருக்கு எழுதினார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. தத்துவ போதகரும், வீரமாமுனிவரும் அச்சபையினரே.

1556 ஜூலை 31ஆம் நாள் விடியலில் இஞ்ஞாசியார் உரோமையில் இறந்தார். அன்று அவர் சபையில் ஏறக்குறைய ஆயிரவர் இருந்தனர். 1622இல் அவரும் சவேரியாரும் ஒரே நாளில் புனிதராக அறிவிக்கப்பெற்றனர்.

இவ்வரலாற்றைக் கிறிஸ்தவர் மட்டுமன்றி எச்சமயத்தாரும் படித்துப் பயன் பெறலாம். நாளின் நடுவிலும் இறுதியிலும் சில நிமிடம் ஒதுங்கி அமர்ந்து, பெற்ற நன்மைக்கு நன்றி கூறி, அன்று எச்செயல் நம்மை அமைதியில் விட்டது, எது கலக்கத்தில் விட்டது எனத் திரும்பி நோக்குதல் அவர் கற்பித்த எளிய பழக்கம். அதற்குப் பொருட்செலவு இல்லை. அலுவலகத்தில் மனம் கொதித்த மாலையில் எழுதிய ராஜிநாமாக் கடிதத்தையும், உறவினர் மீது சினந்து எழுதிய ஊர்க் கடிதத்தையும் மறுநாள் காலை வரை பெட்டியிலேயே வைத்திருப்போம். விடிந்தபின் இல்லத்தாரோடு கலந்து பேசுவோம். அதன் பின்னரும் அது சரியெனத் தோன்றினால் தபாலில் சேர்ப்போம். நம்மை நம்பியிருக்கும் பிள்ளைகளின் வாழ்வு பெரும்பாலும் இத்தகைய முடிவுகளின் மேலேயே நிற்கிறது.