கிஹிம் கிராமத்து வீடும் தூக்கணாங்குருவிகளும்: பறவையியல் அறிஞர் ஸாலிம் அலி

இந்திய உபகண்டத்துப் பறவைகளைப் பற்றி எழுதும் எவரும் ஸாலிம் அலி என்ற பெயரைக் கடந்து செல்ல முடியாது. வேலியோரத்தில் வந்து அமரும் ஒரு குருவியை இனங்கண்டு அதன் பெயரைச் சொல்லச் சாதாரண மக்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் அந்த அறிஞர் பல்கலைக்கழகத்தில் படித்துப் பெற்ற பட்டம் எதுவும் இல்லாதவர். அவருக்குப் பெயர் தேடித்தந்த ஆராய்ச்சி ஓர் ஆய்வுகூடத்தில் நடைபெறவில்லை. உத்தியோகத்தை இழந்து, ஒரு கடற்கரைக் கிராமத்து வீட்டில் இருந்த நாட்களில், வீட்டின் அருகே நின்ற மரத்தைப் பார்த்துப் பார்த்தே அதைச் செய்து முடித்தார்.

ஸாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில், ஸுலைமானி போஹ்ரா முஸ்லிம் குடும்பமொன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு ஒரு வயதானபோது தந்தை காலமானார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாயின் சகோதரரான அமீருத்தீன் தையப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் பிள்ளைப்பேறு இல்லாதவர்கள். அநாதைகளாகிவிட்ட அந்தப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே அவர்கள் வளர்த்தார்கள்.

மாமா வேட்டையில் விருப்பம் உள்ளவர். அவர் வாங்கிக்கொடுத்த விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியால் சிறுவன் ஸாலிம் குருவிகளைச் சுட்டுத் திரிந்தான். ஒரு நாள் விழுந்த குருவியைக் கையில் எடுத்தபோது அவனுக்கு ஐயம் எழுந்தது. பார்வைக்கு ஊர்க்குருவி போலவே இருந்தது. ஆனால் கழுத்தில் மட்டும் மஞ்சள் பூசியது போன்ற ஓர் அடையாளம் இருந்தது. இது எந்தக் குருவி, இதை உண்பது ஆகுமா என்ற கேள்வியோடு மாமாவிடம் ஓடினான். மாமாவுக்கும் விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அச்சத்தோடு படியேறிய சிறுவனை மில்லார்ட் அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் கழுத்துக் குருவி என்று இனங்கண்டு கூறினார். சங்கத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். வாசிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். ஒரே மாதிரித் தெரிந்த குருவிகளுக்குள் இத்தனை வேறுபாடுகள் இருக்கின்றனவா என்ற வியப்பு அன்று அவன் மனதில் புகுந்தது. பின்னாளில் தம் சுயசரிதைக்கு அவர் வைத்த பெயரிலும் ஒரு குருவியே இடம்பெற்றது.

ஆனால் படிப்பு அவருக்கு இலகுவாக அமையவில்லை. அடிக்கடி வந்த தலைவலி பாடசாலைக் கல்வியைக் குழப்பியது. 1913ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் பரீட்சையில் ஒருவாறு சித்தியடைந்தார். கல்லூரியின் முதலாண்டே கடினமாக இருந்ததால் அதை விட்டுவிட்டு, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மர வியாபாரத்தையும் கவனிக்கப் பர்மாவிலுள்ள தவோய்க்குச் சென்றார். காடுகள் சூழ்ந்த அந்த இடத்தில் வியாபாரத்தைவிடப் பறவைகளே அவரை ஈர்த்தன. இடையில் பம்பாய்க்கு வந்து வணிகமும் விலங்கியலும் பயின்றார். 1918ஆம் ஆண்டு தெஹ்மினா பேகத்தை மணமுடித்தார்.

பர்மா வியாபாரம் கைகொடுக்கவில்லை. பறவையியலாளராக அரசாங்கப் பதவி பெற முயன்றபோது பட்டம் இல்லாமை தடையாக நின்றது. 1926ஆம் ஆண்டு பம்பாய் வேல்ஸ் இளவரசர் நூதனசாலையில் மாதம் 350 ரூபா சம்பளத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் பதவி கிடைத்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் விடுமுறை பெற்று ஜேர்மனிக்குச் சென்று, பேர்லின் விலங்கியல் நூதனசாலையில் பேராசிரியர் ஸ்ட்ரெசமனிடம் பயிற்சி பெற்றார். பறவையின் காலில் சிறு வளையமிட்டு அதன் பயணத்தை அறியும் முறையையும் அக்காலத்தில் ஹெலிகோலாந்துத் தீவில் கண்டறிந்தார்.

1930ஆம் ஆண்டு நாடு திரும்பியவருக்கு ஏமாற்றமே காத்திருந்தது. பணப் பற்றாக்குறையால் அவருடைய பதவி நீக்கப்பட்டிருந்தது. பயிற்சி இருந்தது, வேலை இல்லை. பம்பாய் நகரத்தின் செலவைத் தாங்க முடியாமல், தம்பதியர் அலிபாக் அருகிலுள்ள கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர்.

அந்த வீட்டுக்கு அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. நம் ஊர்களிலும் வயலோரத்து மரங்களில் சுரைக்குடுவை போலத் தொங்கும் கூடுகளைப் பலரும் கண்டிருப்போம். கண்டவர்கள் கோடி, நின்று கவனித்தவர்கள் சிலரே. ஸாலிம் அலி அந்த மழைக்காலம் முழுவதும் மறைவான ஓர் இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, எந்தக் கூட்டை எந்தக் குருவி எப்போது தொடங்கியது, யார் வந்தது, யார் போனது என்று நாள்தோறும் குறித்துவந்தார்.

அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு புதிய உண்மை புலப்பட்டது. கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. ஆனால் அது முதலில் பாதிக் கூட்டை மட்டுமே கட்டுகிறது. பெண் குருவிகள் வந்து அந்த அரைகுறைக் கூட்டைச் சோதித்துப் பார்க்கின்றன. பெண்ணுக்குப் பிடித்தால்தான் ஆண் அதைக் கட்டி முடித்து, நீண்ட குழாய் போன்ற வாசலையும் அமைக்கிறது. பிடிக்காத கூடு அப்படியே கைவிடப்படலாம். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண்ணை எதிர்பார்க்கிறது. ஒரே மரத்தில் ஏன் இத்தனை கூடுகள், அவற்றுள் சில ஏன் அரைகுறையாகத் தொங்குகின்றன என்பதற்கு இவ்வாறு விளக்கம் கிடைத்தது. 1931ஆம் ஆண்டு வெளியான அந்தக் கட்டுரை ஸாலிம் அலியை அறிஞர் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. வேலை போகாதிருந்தால், அந்த மழைக்காலத்தில் அவர் நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று விரிவுரை செய்துகொண்டிருந்திருப்பார்.

அதன் பின்னர் சுதேச சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க அவர் முன்வந்தார். பயணத்துக்கும் முகாமுக்கும் உரிய செலவைத் தந்தால் போதும், தமக்குச் சம்பளம் வேண்டாம் என்பதே அவர் வைத்த நிபந்தனை. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனப் பயணங்கள் நீண்டன. வசதியாக வளர்ந்த தெஹ்மினா கூடார வாழ்க்கையைச் சலிப்பின்றி ஏற்று, அவருடைய பணிகளில் துணைநின்றார். 1939ஆம் ஆண்டு ஒரு சிறு சத்திரசிகிச்சையின் பின்னர் தெஹ்மினா காலமானார். மனமுடைந்த ஸாலிம் அலியைச் சகோதரி கம்மூவும் அவருடைய கணவரும் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தனர். அவர் மீண்டும் பறவைகளிடமே திரும்பினார்.

1941ஆம் ஆண்டு இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வர்ணப் படங்களோடு கூடிய அந்நூலின் சிறப்பு அதன் எளிமை. பறவையின் அளவை அங்குலத்தில் மட்டும் சொல்லி நிறுத்தாமல், குருவி அளவு, மைனா அளவு, காகத்தின் அளவு என்று எல்லோரும் அறிந்த பறவைகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். அளவு, நிறம், அலகு, வால், குரல், நடக்கும் விதம், இருக்கும் இடம் என ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயரை நெருங்கும் பழக்கத்தை அது வாசகர்களிடம் வளர்த்தது. பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து, உபகண்டத்துப் பறவைகள் பற்றிய 10 தொகுதிகளை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். இலங்கைப் பறவைகளும் அவற்றில் இடம்பெற்றன.

அக்காலத்தில் ஒரு பறவையை ஐயமின்றி இனங்காண அதைச் சுட்டு எடுத்துப் பதப்படுத்துவதே வழக்கம். ஸாலிம் அலியும் அவ்வாறு பல மாதிரிகளைச் சேகரித்தவர்தான். மறுபுறம், உயிருள்ள பறவையைக் கமராவால் பதிவுசெய்யும் கலையும் வளர்ந்துவந்தது. அதில் வல்லவரான லோக் வான் தோ அவருடைய நெருங்கிய நண்பர். சிங்கப்பூரில் திரையரங்குகளை நடத்திய செல்வந்தரான அவர், இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்து ஸாலிம் அலியுடன் பழகினார். கூட்டுக்கு எதிரே மறைவிடம் அமைத்து, பறவை அஞ்சாமல் தன் இயல்புக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்து படம் எடுப்பது அவருடைய முறை. ஒருவர் குறிப்பேட்டோடும் மற்றவர் கமராவோடும் காத்திருந்தாலும், இருவருக்கும் மூலதனம் பொறுமையே.

துப்பாக்கியோடு தொடங்கிய வாழ்க்கை பறவைகளின் பாதுகாப்புக்காக வாதாடுவதில் நிறைவெய்தியது. மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்து, 1938ஆம் ஆண்டு ஒரே நாளில் 4,000இற்கு மேற்பட்ட பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்ட பரத்பூர் நீர்நிலை, பறவைகளின் சரணாலயமாகப் பேணப்பட அவர் அயராது உழைத்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கவும் குரல் கொடுத்தார். எமது வடகரைக்கு நேரெதிரே உள்ள கோடிக்கரையில் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பணியும் அவர் வழிநடத்திய சங்கத்தினுடையதே. பத்ம விபூஷண் விருதும், மாநிலங்களவையில் நியமன உறுப்பினர் பதவியும் அவரைத் தேடி வந்தன. 1987ஆம் ஆண்டு, தமது 90ஆவது வயதில் அவர் காலமானார். கோயம்புத்தூரிலுள்ள பறவையியல் ஆய்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்பு மாணவியரே, இன்று எம் வீடுகள் பலவற்றில் படம் எடுக்கும் கைத்தொலைபேசி இருக்கிறது. முற்றத்து முருங்கையில் வந்து அமரும் பறவையைப் படம் பிடிப்பது ஒரு நொடி வேலை. அதன் பெயரைத் தேடி அறிவதும் கடினமல்ல. ஆனால் கிஹிமில் இருந்தவருக்குத் தூக்கணாங்குருவியின் பெயர் முதல் நாளே தெரிந்திருந்தது. பெயர் தெரிந்த பின்னரே அவருடைய வேலை தொடங்கியது. எடுத்த படத்தின் பின்னால் திகதியையும் நேரத்தையும் எழுதுங்கள். மறுநாளும் அதே மரத்தைப் பாருங்கள். படம் தெளிவாக வரவேண்டும் என்று கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்காதீர்கள். அந்த மறைப்புத்தான் காகத்திடமிருந்து குஞ்சுகளைக் காக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஒரு குருவியைக் காட்டிப் பெயர் கேட்டால், தெரியாதபோது அமீருத்தீன் தையப்ஜியை நினைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த ஒருவரிடம் அனுப்பிவைப்பதற்கு அவர் எழுதிய ஒரு கடிதமே போதுமாயிருந்தது.