பதிவுத் திருமணம் செய்தவர் மதவாதக் கட்சிக்குக் கொடுத்த கடிதம்... யார் இந்த பென் குரியன்?

இஸ்ரேலில் ஒரு யூதரும் யூதர் அல்லாதவரும் இன்றைக்கும் உள்நாட்டில் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. பதிவுத் திருமணம் என்ற வழியே அவர்களுக்கு அங்கே இல்லை. பலர் பக்கத்தில் இருக்கும் சைப்ரஸுக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். இதற்கு வழிவிட்டவர் யார் தெரியுமா? 1917-ல் நியூயார்க் மாநகராட்சிக் கட்டடத்தில், மதகுரு இல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட டேவிட் பென் குரியன். இஸ்ரேலின் முதல் பிரதமர்!

இன்றைய போலந்தில் இருக்கும் பிளோன்ஸ்க் ஊரில் 1886-ல் பிறந்தவர். 1906-ல் பாலஸ்தீனம் வந்து ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பிறகு தொழிற்சங்கத் தலைவர், சோஷலிஸ்ட். மதச் சடங்குகளில் பிடிப்பு கிடையாது. யூதர்கள் வெறும் மதத்தினர் அல்ல, ஒரு தேசம் என்பதுதான் அவர் வாதம்.

சரி, அந்தத் தேசம் ஏன் பாலஸ்தீனத்தில் அமைய வேண்டும்? சிக்கலே இங்கேதான். பிரிட்டன் அனுப்பிய பீல் கமிஷன் முன்பு அவர் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டியது பைபிளை. அவருக்கு அது வரலாற்றுப் புத்தகம். நம்மூர் பாஷையில் சொன்னால் மூலப்பத்திரம். அதே மண்ணில் தலைமுறை தலைமுறையாக அரபு மக்கள் வீடு கட்டி, விவசாயம் பார்த்து வாழ்ந்துகொண்டிருந்தது அந்தப் பத்திரத்தில் வராது.

1947 ஜூனில், பாலஸ்தீனத்தின் எதிர்காலம் பற்றி விசாரிக்க ஐ.நா. குழு வந்திருந்தது. யூதர்களுக்குள் பிளவு தெரியக் கூடாது. அதனால் அகுதத் இஸ்ரேல் என்ற தீவிர மதவாதக் கட்சிக்குக் கடிதம் போனது. சனிக்கிழமை ஓய்வு நாள், அரசு சமையலறைகளில் கோஷர் உணவு, கல்யாண விஷயம் மதத்தின் கையில், மதப் பள்ளிகளுக்குத் தன்னாட்சி... இவ்வளவும் அதில் இருந்தது. அன்றைய தேவைக்குச் செய்த சமரசம்தான். ஆனால் அதுவே நிரந்தரமாகிப்போனது.

1948-ல் நாடு பிறந்தது. போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அவர்கள் திரும்பி வருவதை பென் குரியன் அரசு அனுமதிக்கவில்லை. இஸ்ரேலுக்குள் தங்கிவிட்ட அரபு மக்களும் 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தார்கள். மதச்சார்பற்ற தலைவர்தானே, எல்லோருக்கும் ஒரே நீதி கிடைத்திருக்கும் என்று நினைத்தால் தப்பு.

மதக் கல்வி படிக்கும் சுமார் 400 மாணவர்களுக்கு ராணுவ சேவையிலிருந்து விலக்கு கொடுத்ததும் அவர்தான். ஐரோப்பாவின் மதப் பள்ளிகளை நாஜிக்கள் அழித்திருந்த நேரம். சின்ன எண்ணிக்கை, யாருக்கும் உறுத்தவில்லை. யார் யூதர் என்ற கேள்விக்கு மட்டும் அவராலேயே விடை சொல்ல முடியவில்லை. 1958-ல் உலகம் முழுக்க சுமார் 50 யூத அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பெரும்பாலோர் மதச் சட்டத்தின் பக்கமே நின்றார்கள்.

1967 போரில் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேல் வசம் வந்தபோது, ஜெருசலேம் போன்ற சில இடங்கள் தவிர மற்றதை சமாதானத்துக்காகத் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். அப்போது அவர் பதவியில் இல்லை, கேட்க ஆளும் இல்லை. நெகேவ் பாலைவனத்தில் ஸ்டே போக்கர் என்ற கிப்புட்ஸ் கிராமத்தில் எளிய வீட்டில் வாழ்ந்தார். அந்த வீட்டின் படுக்கையறையில் காந்தி படம் மாட்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

1973 டிசம்பர் 1-ல் இறந்தார். அடுத்த சில மாதங்களிலேயே குஷ் எமுனிம் என்ற மதவாதக் குடியேற்ற இயக்கம் தொடங்கியது. மேற்குக் கரைக்கு அவர்களும் பைபிளைத்தான் காட்டினார்கள், ஆனால் கடவுளின் வாக்குறுதியாக. ராணுவ விலக்கு பெற்றவர்களோ 60,000-ஐத் தாண்டினார்கள். அவர்களையும் படையில் சேர்க்க வேண்டும் என்று 2024 ஜூனில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.