காரைக்காலம்மையாரும் சந்திர தீர்த்தமும்

சோழநாட்டுக் கீழ்க்கடலோரத்தே விளங்குவது காரைக்கால். 1739இல் பிரெஞ்சியர் அங்குக் காலூன்றுவதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்னரே அந்நகர்க்கு அழியாப் புகழ் தந்தவர் ஒரு வணிகர் மகளார் ஆவர்.

தனதத்தன் மகளாய்த் தோன்றிய புனிதவதியார், நாகப்பட்டினத்து நிதிபதியின் மைந்தனாகிய பரமதத்தனை மணந்தார். கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியார்க்கு இட்டார். எஞ்சியதை உண்ட கணவன் மற்றதையும் வேண்டவே, இறையருளால் ஒரு கனி அவர் கையில் வந்தது. சுவை வேறாதல் கண்டு ஐயுற்ற அவன், மீண்டும் ஒன்று வருவிக்கச் சொன்னான். அதுவும் வந்தது, அவன் கைப்பட்டதும் மறைந்தது. மனைவியைத் தெய்வமென்று அஞ்சிய பரமதத்தன், வாணிகத்தின்பொருட்டெனக் கூறி மரக்கலமேறி அகன்றான். பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்மகவுக்குப் புனிதவதியென்றே பெயரிட்டான். சுற்றத்தார் அம்மையாரை அங்கு அழைத்துச் சென்றபோது, மனைவி மகவோடு அவர் அடியில் வீழ்ந்தான். கணவன்பொருட்டுத் தாங்கிய வனப்பை அப்பொழுதே உதறிப் பேயுருக் கொண்டார் அம்மையார். கயிலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்தேறிய அவரைத் தாயில்லாச் சிவபெருமான் தாயென விளித்தருளினார் என்பது வரலாறு. பின்னர்த் திருவாலங்காட்டை அடைந்து இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்தார்.

இவ்வரலாற்றை விரித்துரைத்தவர் 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார். அம்மையார் பாடியவையோ பதினோராந் திருமுறையில் உள்ள இரு மூத்த திருப்பதிகங்களும், இரட்டைமணிமாலையும், 101 வெண்பாக்கள் கொண்ட அற்புதத் திருவந்தாதியுமாம். அவற்றில் மாங்கனியும் இல்லை, கணவனும் இல்லை. தம்மைக் காரைக்காற் பேய் என்றே அவர் கூறிக்கொள்கின்றார்.

அடியார் வாழ்வை நீர்நிலையோடு பிணைத்துப் போற்றுதல் பல நாட்டினும் உள்ள வழக்கமாம். அயர்லாந்தில் பிரிகித் அம்மையார் பெயரால் புனிதக் கிணறுகள் பல உள. காரைக்காலில் அப்பெருமை சந்திர தீர்த்தத்துக்கு உரியது. ஆனித்திங்கள் மாங்கனித் திருவிழாவில் அம்மையார் அத்தீர்த்தக்கரைக்கு எழுந்தருள, அவர்க்கும் பரமதத்தனுக்கும் திருமணம் நிகழ்கின்றது. பின்னர்ப் பிச்சாண்டவர் வீதியுலா வருங்கால், மக்கள் மாடங்களிலிருந்து மாங்கனிகளை இறைக்கின்றனர். மகப்பேறு வேண்டும் மகளிர் அவற்றை ஆர்வத்தோடு ஏந்திக்கொள்கின்றனர்.

மணவாழ்வைத் துறந்தவர்க்கு ஆண்டுதோறும் மணவிழா எடுத்தல் முரணன்றோ எனின், யாம் அவ்வாறு கருதோம். பசித்தவர்க்கு உணவிட்டதனாலன்றோ அவர் இல்வாழ்வு குலைந்தது? கணவன் கைவிட்ட மகளை ஊரார் கைவிடாமையே இவ்விழாவின் உட்பொருள். பிள்ளை பெறாத அவரையே பெண்டிர் பிள்ளை வேண்டித் தொழுகின்றனர். ஆயினும், ஊரார் காட்டுவது மணமகளையே. பேயுருவில் நின்று தம் நெஞ்சைத் திறந்து காட்டியவரைப் பாடல்களிலன்றிக் காணுதல் இயலாது. கனி பெற்று மீள்வோர் அவற்றையும் கையிலேந்துவராயின் அம்மையாரை முழுதுங் கண்டவராவர்.