சொல் செய்த தச்சர் மகன்

குழந்தைகளே! விஞ்ஞானியை ஆங்கிலத்தில் 'சயின்டிஸ்ட்' என்கிறோம் அல்லவா? நியூட்டன் வாழ்ந்த காலத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது! அதை உருவாக்கியவர் யார் தெரியுமா? வில்லியம் ஹியூவெல் என்ற ஆங்கிலேயர்.

இங்கிலாந்தில் உள்ள லங்காஸ்டர் நகரில் 1794ஆம் ஆண்டு மே 24 அன்று ஹியூவெல் பிறந்தார். தந்தை தச்சர். மூத்த மகனுக்குத் தம் தொழிலையே பழக்க விரும்பினார். ஆனால், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஜோசப் ரவுலி, சிறுவனின் கூர்மையான அறிவைக் கண்டுகொண்டார். தந்தையிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, கட்டணம் வாங்காமல் கற்பித்தார். அந்த ஒரு உதவி ஹியூவெலின் வாழ்க்கையையே மாற்றியது. 1812இல் அவர் கேம்பிரிட்ஜில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார்.

1833இல் கேம்பிரிட்ஜில் அறிஞர்கள் கூடினர். அறிவியல் ஆய்வு செய்பவர்களை அப்போது தத்துவ அறிஞர்கள் என்றே அழைத்தனர். அந்தப் பெயர் பொருந்தாது என்று முதிய கவிஞர் கோல்ரிட்ஜ் மறுத்தார். அப்படியானால் வேறு என்ன பெயர்?

ஹியூவெல் எளிய வழி கண்டார். எழுத்து என்பதுடன் 'ஆளர்' சேர்த்தால் எழுத்தாளர் ஆகிறது அல்லவா? அதுபோல, ஆங்கிலத்தில் 'ஆர்ட்' என்பதுடன் 'இஸ்ட்' என்ற பின்னொட்டு சேர்ந்தால் 'ஆர்டிஸ்ட்', அதாவது கலைஞர். அதே பின்னொட்டை அறிவியலுக்கும் சேர்த்தார். 'சயின்டிஸ்ட்' பிறந்தது! இயற்பியல் அறிஞருக்கு 'ஃபிசிசிஸ்ட்' என்று பெயரிட்டார். 'ஃபிசிஷியன்' என்ற சொல்லை மருத்துவர்கள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தனர். பின்னொட்டு மாறினால் பொருளே மாறிவிடுகிறது, பார்த்தீர்களா?

1834இல் மைக்கேல் ஃபாரடே அவரிடம் உதவி கேட்டார். கொல்லர் மகனான ஃபாரடேக்குக் கிரேக்க மொழி தெரியாது. கரைசலுக்குள் மின்சாரம் நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் அவருக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. கிரேக்கத்தில் 'ஹோடோஸ்' என்றால் வழி. 'அனா' என்றால் மேல்நோக்கி. 'கட்டா' என்றால் கீழ்நோக்கி. இந்த முன்னொட்டுகளைச் சேர்த்து 'ஆனோடு', 'கேத்தோடு' என்ற சொற்களை ஹியூவெல் அமைத்துத் தந்தார். மின்சாரம் கிழக்கிலிருந்து மேற்கே செல்வதாகக் கொண்டால், முதலாவது சூரியன் ஏறும் வழி; அடுத்தது இறங்கும் வழி! 'அயான்' என்ற சொல்லையும் அவரே கொடுத்தார். அதைத்தான் நாம் அயனி என்கிறோம்.

ஆனால், எல்லாச் சொற்களுக்கும் வரவேற்பு கிடைக்கவில்லை. 'ஃபிசிசிஸ்ட்' என்பதை ஃபாரடேயே விரும்பவில்லை. 'சயின்டிஸ்ட்' காதுக்கு இனிமையாக இல்லை என்று இங்கிலாந்தில் பலரும் ஒதுக்கினர்.

1841இல் தாம் படித்த டிரினிட்டி கல்லூரிக்கே ஹியூவெல் தலைவரானார். குதிரையிலிருந்து விழுந்து காயமடைந்து, 1866 மார்ச் 6 அன்று காலமானார். தாம் படைத்த சொல்லை எல்லாரும் ஏற்றுக்கொண்டதை அவர் பார்க்கவில்லை. இன்றோ உலகமே அதைச் சொல்கிறது!

குழந்தைகளே, இனிப் புதிய ஆங்கிலச் சொல்லைக் கண்டால் மிரள வேண்டாம். முன்னொட்டையும் பின்னொட்டையும் பிரித்துப் பாருங்கள். பொருள் தானே விளங்கும்.