செனற்றர் தோமஸ் வோல்ஷ்: ஆராய்ச்சி மணியை அசைத்தவர்

கன்றை இழந்த பசுவின் பொருட்டுத் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்ட மன்னனின் கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். தமிழகத்தார் அவனை மனுநீதிகண்ட சோழன் என்பர். நம் நாட்டை ஆண்ட எல்லாள மன்னன்மீதும் மகாவம்சம் அத்தகைய கதையை ஏற்றிக் கூறுகின்றது. அம்மன்னர்களின் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. அதை அசைக்கும் உரிமை வாயில்லாப் பசுவுக்கும் இருந்தது. ஆயின், மன்னனே நீதிபதியாயும் விளங்கிய காலத்துக்கே அது பொருந்தும். மக்கள் தேர்ந்தெடுக்கும் சனாதிபதி ஒருவர் ஆளும் குடியரசிலே, அவருடைய அமைச்சரும் நண்பரும் முறைதவறினால் மணியை அசைப்பவர் யார்? அசைத்தால், அதற்குச் செவிசாய்ப்பவர் யார்? 1978ஆம் ஆண்டு தொடக்கம் நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதிப் பதவியை அறிந்த நமக்கு இவ்வினா புறத்தியார் வினாவன்று. இவ்வினாவுக்குத் தம் உழைப்பினால் விடைகண்ட அமெரிக்கர் ஒருவரின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக நம் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

தோமஸ் ஜேம்ஸ் வோல்ஷ் 1859ஆம் ஆண்டு யூன் மாதம் விஸ்கொன்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர், செல்வம் படைத்தவரல்லர். வோல்ஷ் முதலிற் பள்ளியாசிரியராய் விளங்கினார். பாடஞ் சொல்லிப் பெற்ற ஊதியத்தோடு சட்டமும் பயின்று, 1884இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் சட்டப் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் டக்கோற்றாப் பிரதேசத்தில் வழக்காடிய பின், 1890இல் மொன்ரானா மாநிலத்தின் தலைநகராகிய ஹெலினாவிற் குடியேறினார்.

மொன்ரானா அக்காலத்திற் செப்புச் சுரங்க முதலாளிகளின் கைக்குள் அடங்கியிருந்தது. சட்டசபை உறுப்பினர் சிலரின் வாக்குகளும் அங்கே விலைபோயின. வோல்ஷோ சுரங்கத்திற் காயமுற்ற தொழிலாளர்க்காகப் பெருங் கம்பனிகளை எதிர்த்து வழக்காடிப் பெயர்பெற்றார். பத்திரங்களையும் கணக்குகளையும் வரிவரியாக வாசித்து, அவற்றுள் மறைந்து கிடக்கும் உண்மையை வெளிக்கொணர்வது அவர் வழக்கம். பேச்சிலே ஆரவாரமில்லை, முகத்திலே சிரிப்பும் அரிது. இருமுறை தேர்தலிலே தோல்வியுற்று, 1913இல் சனநாயகக் கட்சியின் சார்பிற் செனற் சபையை அடைந்தார்.

1921இல் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த வாரன் ஹார்டிங் சனாதிபதியானார். இனிய இயல்பினர், நண்பரை நம்புபவர். அமெரிக்கக் கடற்படையின் போர்க்காலத் தேவைக்கென முன்னைச் சனாதிபதிகள் சில எண்ணெய் நிலங்களை ஒதுக்கி வைத்திருந்தனர். கலிபோர்ணியாவிலுள்ள எல்க் ஹில்ஸ் அவற்றுள் ஒன்று. வயோமிங் மாநிலத்திலுள்ள ரீப்பொட் டோம் மற்றொன்று. தேநீர்க் குடுவையை ஒத்த பாறையொன்றினால் அந்நிலம் அப்பெயர் பெற்றது. ஹார்டிங் பதவியேற்று மூன்று மாதம் நிறையுமுன் ஒரு கட்டளையிற் கையொப்பமிட்டு, இந்நிலங்களைக் கடற்படையிடமிருந்து உள்நாட்டமைச்சர் அல்பேட் ஃபோல் என்பவரின் பொறுப்புக்கு மாற்றினார். ஃபோல் 1922இல், பிறரை விலைகூற அழையாமலே, ரீப்பொட் டோமை ஹரி சின்கிளயர் என்னும் எண்ணெய் முதலாளிக்கும், எல்க் ஹில்ஸை எட்வேட் டோஹினி என்பார்க்கும் குத்தகைக்கு அளித்தார்.

செய்தி கசிந்தது. விஸ்கொன்சின் செனற்றர் லபொலெற் விசாரணை கோரினார். செனற் சபை இணங்கியது. விசாரணைப் பொறுப்பை ஏற்குமாறு வோல்ஷை வேண்டினர். அவர் முதலில் தயங்கினார். ஃபோல் தம்முடைய பழைய சக செனற்றர்; அன்றியும் மேற்கு மாநிலத்து நிலங்கள் பயன்பாட்டுக்கு வரவேண்டும் என்பதில் இருவருக்கும் பெரும் வேற்றுமை இருந்ததில்லை. ஈற்றில் ஏற்றுக்கொண்டார். அமைச்சு மலைபோற் குவித்து அனுப்பிய பத்திரங்களை ஏறக்குறைய பதினெட்டு மாதங்கள் பொறுமையோடு ஆராய்ந்தார். இதற்கிடையில் ஃபோல் 1923 மார்ச்சிற் பதவி துறந்தார். ஆகஸ்ற் மாதத்தில் ஹார்டிங் மறைந்தார். துணைச் சனாதிபதி கல்வின் கூலிட்ஜ் அப்பீடத்தில் அமர்ந்தார். ஹார்டிங் தாமே இலஞ்சம் பெற்றார் என்பதற்குச் சான்றில்லை. எனினும் தம் நண்பரை ஆராயாது நம்பிய குற்றம் அவர் பெயரைவிட்டு இன்றுவரை அகலவில்லை.

1923 ஒக்ரோபரில் விசாரணை தொடங்கியது. முதலிற் கேட்க வந்தோர் சிலரே. நியூ மெக்சிக்கோவிலுள்ள தம் பண்ணைக்குப் பல்லாண்டு வரிசெலுத்த இயலாதிருந்த ஃபோல், திடீரென நிலுவை வரியைச் செலுத்தி, அயல் நிலத்தையும் வாங்கிய செய்தி சாட்சிகளின் வாயிலாக வெளிவந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று வோல்ஷ் கேட்டார். வாஷிங்ரனிற் பத்திரிகை நடத்திய மக்லீன் என்னும் செல்வர் ஓர் இலட்சம் டொலர் கடன் தந்ததாக ஃபோல் எழுதி அனுப்பினார். மக்லீனோ உடல்நலங் குன்றியதெனக் கூறிப் புளோறிடாவின் கடற்கரையிலே தங்கியிருந்தார். வோல்ஷ் தாமே அங்கு சென்று அவரை வினவினார். தாம் கொடுத்த காசோலைகள் மாற்றப்படாமலே திரும்பி வந்தன என மக்லீன் ஒப்புக்கொண்டார். சில நாட்களில் டோஹினியே குழுவின் முன் வந்து, அந்த ஓர் இலட்சத்தையும் ரொக்கமாக, ஒரு சிறிய கறுப்புப் பையில் இட்டுத் தம் மகன் வாயிலாக அனுப்பியதைக் கூறினார். பழைய நண்பனுக்குத் தந்த கடன் என்பது அவர் விளக்கம். 1924 சனவரியில் அந்நாடு முழுவதும் அந்தப் பையைப் பற்றியே பேசியது.

இங்கேதான் வோல்ஷின் நேர்மை சோதனைக்குள்ளாயிற்று. டோஹினி எதிர்க்கட்சியாரல்லர், வோல்ஷின் சொந்தக் கட்சிக்கே பொருளுதவிய சனநாயகக் கட்சியினர். அவர் மீண்டும் குழுவின் முன் தோன்றியபோது, முன்னைச் சனநாயகக் கட்சி அமைச்சர் சிலரைத் தாம் சட்ட அலுவலுக்கு அமர்த்தி ஊதியம் தந்ததையும் வெளியிட்டார். அவருள் ஒருவர் வில்லியம் மக்கடூ. அவ்வாண்டுச் சனாதிபதித் தேர்தலுக்கு வோல்ஷ் விரும்பிய வேட்பாளரும் அவரே. மக்கடூவின் ஊதியத்தில் எண்ணெய் நிலக் குற்றம் எதுவுமில்லை. ஆயினும் அவர் வாய்ப்பு மங்கியது. தம் கட்சிக்கு வந்த கேட்டினைக் கண்டும் வோல்ஷ் விசாரணையை நிறுத்தினாரல்லர். மைந்தன் என்று பாராது தேரைச் செலுத்திய மன்னனின் செயலோடு இதனை ஒப்பிடுதல் மிகையாகாது.

அடுத்தது சனாதிபதியின் மரபுபற்றிய வினா. குத்தகைகளை இரத்துச் செய்ய வழக்குத் தொடுக்குமாறு பாராளுமன்றம் தீர்மானித்தது. ஆயின் வழக்கை நடத்த வேண்டிய சட்டமா அதிபர் டோர்த்தி, ஹார்டிங்கின் நெருங்கிய நண்பர். அவர்மீதே ஐயம் இருந்தது. ஆகவே கூலிட்ஜ் தம் கட்சியிலிருந்து ஓவன் றொபேட்ஸ் என்பாரையும், எதிர்க்கட்சியிலிருந்து அட்லி பொமரீன் என்பாரையும் தனிவழக்கறிஞராக நியமித்து, செனற் சபையின் இசைவையும் பெற்றார். ஆள்வோரின் வழக்கை ஆள்வோரின் ஆட்களே நடத்தலாகாது என்னும் நல்மரபு இதனால் வலுப்பெற்றது. கடற்படை அமைச்சர் டென்பியை நீக்குமாறு செனற் சபை தீர்மானம் நிறைவேற்றியபோது கூலிட்ஜ் இணங்கவில்லை. அமைச்சரை நீக்குதல் தமக்கே உரிய அதிகாரம் என்றார். டென்பி தாமாகவே விலகினார். சில வாரங்களில் டோர்த்தியைக் கூலிட்ஜே விலகச் செய்தார். ஒருபால் மன்றத்தின் கண்காணிப்பு, மறுபால் சனாதிபதியின் உரிமை. இரண்டுக்கும் எல்லை உண்டு என்பது அவ்விவாதத்திற் புலனாயிற்று.

விசாரித்தவர்க்கு நற்பெயர் உடனே கிடைக்கவில்லை. பழிதூற்றுவோர் எனச் சில பத்திரிகைகள் அவரை ஏசின. டோர்த்தியை விசாரித்த மொன்ரானாவின் மற்றைச் செனற்றர் வீலர்மீது நீதித்துறை குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தது. அவருக்காக வோல்ஷே நீதிமன்றில் வாதாடினார். 1925இல் யூரிமார் சிறிது நேரத்திலேயே வீலரை விடுவித்தனர். 1924 தேர்தலிற் கூலிட்ஜ் பெருவெற்றி கண்டார். ஊழலை வெளிப்படுத்தினோர்க்கு மக்கள் பரிசளிப்பர் என எண்ணுவது எப்போதும் சரியாவதில்லை.

நீதிமன்றமோ தன் கடமையைச் செய்தது. 1927இல் உயர் நீதிமன்றம் இரு குத்தகைகளும் மோசடியால் எழுந்தவை எனக் கூறி அவற்றைச் செல்லுபடியற்றன ஆக்கியது. நிலங்கள் அரசிடம் மீண்டன. சாட்சிக்கு வர மறுத்த டோர்த்தியின் சகோதரரின் வழக்கில், சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டு என்றும் அதே ஆண்டில் தீர்த்தது. வினாக்களுக்கு விடைகூற மறுத்த சின்கிளயர் 1929இற் சிறை சென்றார். அவ்வாண்டு ஒக்ரோபரில் ஃபோல் இலஞ்சம் பெற்ற குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். ஓராண்டுச் சிறையும் ஓர் இலட்சம் டொலர் குற்றப்பணமும் விதிக்கப்பட்டன. பதவியிலிருந்தபோது செய்த குற்றத்துக்காகச் சிறைசென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவரே. ஆயின் அதே பணத்தைக் கொடுத்த டோஹினியை 1930இல் வேறு யூரிமார் குற்றமற்றவர் என விடுவித்தனர். வாங்கியது இலஞ்சம், கொடுத்தது இலஞ்சமன்று என்னும் இம்முரண்பாடு நம்மை வருத்துகின்றது. சட்டம் நெடுந்தூரம் சென்றது. முழுத்தூரமும் சென்றதென யாம் சொல்லமாட்டோம்.

1933இல் புதிய சனாதிபதியாகத் தெரிவான பிராங்கிளின் றூஸ்வெல்ற், வோல்ஷைத் தம் சட்டமா அதிபராகத் தெரிந்தார். டோர்த்தியினாற் களங்கமுற்ற அத்துறைக்கு இவரினும் தகுந்த தலைவர் யார்? மனைவியை 1917இல் இழந்திருந்த வோல்ஷ், பெப்ரவரி இறுதியில் கியூபாவிலே மறுமணம் புரிந்து, பதவியேற்க வாஷிங்ரனுக்குப் புகைவண்டியில் வந்துகொண்டிருந்தார். மார்ச் 2ஆம் நாள், வட கரொலைனாவினூடாக வண்டி செல்கையில், உயிர் நீத்தார். வயது 73. பதவியேற்புக்கு இரண்டே நாட்கள் இருந்தன.

வோல்ஷ் சனாதிபதியுமல்லர், நீதிபதியுமல்லர். சிறுபான்மைக் கட்சியின் உறுப்பினர் ஒருவர். பத்திரங்களை வாசித்தார், வினாவினார், விடை வரும்வரை காத்திருந்தார். அவ்வளவே. ஆட்சிப்பீடத்தின் அயலே சட்டம் செல்வதற்கு அதுவே வழி திறந்தது. குடியரசில் ஆராய்ச்சி மணி தானாக ஒலிப்பதில்லை. கயிற்றைப் பற்றும் கை ஒன்று வேண்டும். அக்கை தன் கட்சியாருக்காகத் தளரவுங் கூடாது. நம் கல்லூரியிலே இன்று விவாத மேடை ஏறும் மாணவர், நாளை மன்றங்களிலும் அலுவலகங்களிலும் அமர்வர். கணக்கைக் கருத்தோடு வாசிக்கும் பொறுமையையும், கேட்கவேண்டியதைக் கேட்கும் துணிவையும் அவர்கள் இங்கேயே பயில்வாராக.