தொலைபேசி நிலையத்திலிருந்து எடின்பரோ மேடைக்கு: பாடகி கத்லீன் ஃபெரியர்

இங்கிலாந்தின் லங்காஷயரில், ஹையர் வோல்ற்றன் என்ற கிராமத்தில், 1912 ஏப்ரல் 22 ஆம் திகதி கத்லீன் ஃபெரியர் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பாடசாலையின் தலைமையாசிரியர். பின்னர் குடும்பம் பிளாக்பேர்ன் நகருக்குக் குடிபெயர, அங்குள்ள பெண்கள் பாடசாலையில் கத்லீன் படித்தார். பியானோ வாசிப்பதில் அவருக்கு அபார திறமை இருந்தது. ஆனால் தந்தை ஓய்வுபெறும் காலம் நெருங்கவே, வீட்டு நிலைமை மேற்படிப்புக்கு இடங்கொடுக்கவில்லை. 14 வயதில் பாடசாலையை விட்டு, நகரத் தொலைபேசி நிலையத்தில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார்.

தொலைபேசியில் நேரம் அறிவிக்கும் புதிய சேவைக்கு ஒரு பெண் குரலைத் தேடியபோது கத்லீனும் விண்ணப்பித்தார். அவர் தெரிவாகவில்லை. 1935 இல் திருமணம் நடந்தது. மணமான பெண்களை அந்த நிலையம் வேலையில் வைத்திருப்பதில்லை என்பதால் அந்த உத்தியோகமும் போயிற்று.

1937 இல் கார்லைல் நகர இசைப் போட்டியில் பியானோ வாசிக்கப் பெயர் கொடுத்தார். பாட்டுப் போட்டியிலும் சேர மாட்டாய் என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். கத்லீன் சேர்ந்தார். இரண்டிலும் முதற்பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25. முறையான குரற்பயிற்சி அதன் பின்னரே ஆரம்பமானது. மண வாழ்க்கை நிலைக்கவில்லை. உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைகளிலும் சிற்றூர் மண்டபங்களிலும் தொழிலாளருக்காகப் பாடினார். 1942 இன் இறுதியில் இலண்டனுக்குச் சென்றார்.

பெண் குரல்களில் மிகத் தாழ்ந்ததான கொன்ட்ரால்ற்றோ அவருடையது. 1946 இல் பெஞ்சமின் பிரித்தனின் புதிய ஒப்பெராவில் லுக்ரீஷியாவாகவும், அடுத்த ஆண்டு குளூக்கின் ஒப்பெராவில் ஓர்ஃபியோவாகவும் நடித்துப் பாடிப் புகழ்பெற்றார். வாழ்நாளில் அவர் மேடையேற்றிய ஒப்பெராப் பாத்திரங்கள் இந்த இரண்டுதான். அவர் மனம் அதிகம் ஒன்றியது கலைப்பாடல்களில். ஒரு கவிஞரின் கவிதை, அதற்கு ஓர் இசையமைப்பாளர் தந்த மெட்டு, ஒரு குரல், ஒரு பியானோ, இவ்வளவே கலைப்பாடல். வேஷமில்லை, காட்சித் திரையில்லை. பாடகி ஒளிந்துகொள்ள இடமேயில்லை.

1949 செப்ரெம்பர் 7 ஆம் திகதி எடின்பரோ விழாவில், அஷர் மண்டபத்தில் அப்படியொரு கச்சேரி நடந்தது. பியானோவில் அமர்ந்தவர் உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் புரூனோ வால்ற்றர். யூதர் என்பதால் நாஸி ஆட்சியில் ஜேர்மனியையும் பின்னர் ஒஸ்ரியாவையும் விட்டு வெளியேற நேர்ந்தவர். அன்று ஷூபேர்ட், பிராம்ஸ், ஷூமான் ஆகியோரின் ஜேர்மன் பாடல்களை இருவரும் வழங்கினர். ஷூமானின் எட்டுப் பாடல்கள் ஒரு பெண்ணின் காதல், திருமணம், தாய்மை, கணவனின் மறைவு என வரிசையாகச் செல்கின்றன. எட்டாவது பாடலில் குரல் ஓய்ந்துவிடும். பியானோ மட்டும் முதற்பாடலின் இசைக்குத் திரும்பி மெல்ல அடங்கும். அன்றைய வானொலி ஒலிபரப்பின் பதிவை இன்றும் கேட்கலாம். 14 வயதில் படிப்பை நிறுத்திய பெண்ணா இவர் என்று வியக்கத் தோன்றும்.

1951 இன் தொடக்கத்தில் மார்பில் ஒரு கட்டியைக் கண்டார். ஒப்புக்கொண்டிருந்த ஐரோப்பியக் கச்சேரிப் பயணத்தை முடித்துவிட்டு, மார்ச் மாதத்திலேயே வைத்தியரிடம் சென்றார். மார்பகப் புற்றுநோய். ஏப்ரல் 10 ஆம் திகதி மார்பு அகற்றப்பட்டது, கதிர் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் மீண்டும் மேடையில் நின்றார்.

1953 பெப்ரவரி 6 ஆம் திகதி, இலண்டன் கொவென்ற் கார்டன் அரங்கில் ஓர்ஃபியோவாகப் பாடிக்கொண்டிருக்கையில், நோயால் நலிந்திருந்த இடது தொடை எலும்பு மேடையிலேயே முறிந்தது. பற்றிச் சாய்ந்து நின்றபடி இறுதிவரை பாடி முடித்தார். சபையோருக்கு எதுவும் தெரியவில்லை. அதுவே அவரது கடைசி மேடை. அவ்வாண்டு ஒக்ரோபர் 8 ஆம் திகதி, 41 வயதில் காலமானார். அவர் பெயரில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதியமும் இளம் பாடகருக்குப் பரிசும் ஏற்படுத்தப்பட்டன.

வைத்தியராக இந்த வரலாற்றைப் படிக்கும்போது அந்தச் சில வாரங்களிலேயே என் மனம் நிற்கிறது. அவர் முன்னதாகச் சென்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. அக்காலத்தில் மார்பக எக்ஸ்ரேப் பரிசோதனை பரவலாக இல்லை, இன்றைய மருந்துகளும் இல்லை. நமக்கு அவை இருக்கின்றன. ஆயினும் பிள்ளையின் பரீட்சை முடியட்டும், மாமியாரின் திவசம் முடியட்டும், லீவு கிடைக்கட்டும் என்று கட்டியோடு காத்திருந்து வரும் பெண்களை நான் இன்றும் காண்கிறேன். அவர்களுள் படித்தவர்கள் குறைவில்லை. வலியில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். ஆரம்ப நிலையில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை.

நம் பாடசாலை நமக்குக் கடமையைக் கற்றுத் தந்தது. ஒப்புக்கொண்டதை முடிக்காமல் விடாத பழக்கத்தையும் தந்தது. அந்தக் கடமைப் பட்டியலில் நம்முடைய உடம்பையும் சேர்த்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை உங்கள் மார்பை நீங்களே தடவிப் பாருங்கள். இலங்கையில் இருப்போருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் பெண்களுக்கென நடத்தும் கிளினிக்குகளில் இலவசப் பரிசோதனை உண்டு. வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, பரிசோதனைக்கு அழைத்து வரும் கடிதத்தை மேசையில் கிடக்க விடாதீர்கள். மாற்றம் ஏதும் தெரிந்தால் அந்த வாரமே வைத்தியரிடம் செல்லுங்கள்.

பின்னர் ஒரு மாலைப் பொழுதில் கத்லீன் ஃபெரியரின் குரலைக் கேட்டுப் பாருங்கள்.